நூலும் காவலும்

பாம்பன், மண்டபம், இராமேசுவரம் முதலிய கடற்றுறைகளில் வாழும் மீனவர்க்கு வலையே வாழ்வு. வலைக்கு நூலே உயிர். முற்காலத்தில் வலைகள் பருத்தி நூலால் பின்னப்பட்டன. ஈரம் புலராமல் குவித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்நூலை அரித்துவிடும். ஆதலின், மரப்பட்டையின் துவர்ச்சாற்றில் வலையைத் தோய்த்தும், கரை சேர்ந்ததும் மணலில் விரித்து உலர்த்தியும் காத்தனர்.

1935-இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட நைலான், பின்னர்ப் பருத்தியின் இடத்தைப் பெற்றது. நைலான் நீரில் மட்காது. ஆயினும் வெயிலில் நாள்தோறும் கிடந்தால் வலுவிழக்கும். பருத்தியை உலர்த்திக் காத்த வெயிலே நைலானுக்குப் பகை. நிழலே அதற்குக் காவல்.

மட்காமை நன்மையே, எனினும், அறுந்த நைலான் வலை கடலில் நெடுநாள் கிடந்து, மீனையும் ஆமையையும் அரிய கடற்பசுவையும் வீணே சிக்கவைக்கும். ஆதலின், நைந்த வலையைக் கடலில் எறியாது கரைக்குக் கொணர்தலும் கடமையாகும்.