மூக்கு நிமிர்ந்த கேஸர்

பந்தயத்துக்காக மாற்றிய ஒரு 1955 ஷெவர்லேயின் முன்பம்பருக்குக் கீழே ஒரு நாமக்கல் லாரி டிரைவரைக் குனிந்து பார்க்கச் சொன்னால், எல்லாமே அவருக்குத் தெரிந்த சாமான்களாகத்தான் இருக்கும். இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம்வரை ஒரே நீள அச்சு, இரு பக்கமும் வில்பட்டை, அதை இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட், முனையில் சக்கரம் திரும்ப உதவும் கிங்பின். ஆனால் கம்பெனி அந்தக் காரை இப்படி அனுப்பவில்லை. முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் காயில் ஸ்பிரிங் அமைப்போடுதான் அது விற்பனைக்கு வந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு, வேனில் இருந்தோ லாரியில் இருந்தோ கழற்றிய அச்சை அமெரிக்க இளைஞர்கள் பற்றவைத்தார்கள். சொகுசான ஏற்பாட்டை விட்டுப் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பியது வேகத்துக்காக.

கேஸர் என்று இந்தக் கார்களுக்குப் பெயர். டிராக் ரேஸ் என்பது நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டம். கலிபோர்னியாவின் சான்டா அனா விமான தளத்தில் 1950இல் கட்டணம் வாங்கி நடத்தத் தொடங்கிய பந்தயம் நாடெங்கும் பரவியது. 1951இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு அதற்கு விதிகளை வகுத்தது. மெத்தனாலோ நைட்ரோமீத்தேனோ ஊற்றாமல், சாதாரண பெட்ரோலில் ஓடும் உருமாற்றிய கார்களுக்குத் தனிப் பிரிவு. அங்கே பெட்ரோலுக்கு ‘கேஸ்’ என்று பெயர், அதனால் இவை கேஸர்.

அன்றைய சிக்கல் எஞ்சினில் இல்லை, டயரில் இருந்தது. பட்டனின்றி வழவழப்பாக வார்த்த பந்தய டயர்கள் ஒல்லியாகவும் விறைப்பாகவும் இருந்தன. கிளட்சை விட்டதும் சக்கரம் இடத்திலேயே சுழன்று புகையைக் கிளப்பும், கார் நகராது. பின்சக்கரத்தின்மேல் பாரம் ஏறினால்தான் பிடிப்பு. கார் பாயும்போது முன்பக்கப் பாரம் பின்னால் சாய்வது இயற்கை. எவ்வளவு சாயும் என்பதை எடை, வேகம் கூடும் விகிதம், எடை மையத்தின் உயரம், அச்சுகளுக்கு இடையிலான தூரம் ஆகியவை தீர்மானிக்கின்றன. ஷெவர்லேயின் அச்சிடைத் தூரம் 115 அங்குலம். எடையை 1,400 கிலோ என்றும், எடை மையத்தின் உயரத்தை 60 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். புவியீர்ப்புக்கு இணையான முடுக்கத்தில் பாய்ந்தால் ஏறத்தாழ 290 கிலோ பின்னுக்குப் போகும்.

நேர் அச்சை மாட்டிக் காரின் மூக்கை 10 செ.மீ. தூக்கினால் எடை மையம் சுமார் 5 செ.மீ.தான் உயரும். அதில் கூடுதலாகக் கிடைப்பது 25 கிலோவுக்குள். எஞ்சினை அச்சிடைத் தூரத்தில் 10 சதவீதம், அதாவது ஷெவர்லேயில் பதினொன்றரை அங்குலம், பின்னுக்குத் தள்ளலாம் என்று விதி அனுமதித்தது. அதிலும் ஏறக்குறைய அதே அளவு ஆதாயம்தான். இப்படி 25, 25 கிலோவாகச் சேர்த்து ஜெயிக்கப் பார்த்த காலம் அது. அந்த வறுமை கலந்த புத்திக்கூர்மைதான் எனக்கு இந்தக் கார்களிடம் பிடித்த விஷயம். எல்லோரும் உயர்த்திக்கொண்டே போனதால், கிராங்க் ஷாஃப்ட் தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று என்.எச்.ஆர்.ஏ. வரம்பு கட்ட வேண்டியிருந்தது.

நேர் அச்சை மாட்டுவது எளிது. அதை நேராக ஓடவைப்பதில்தான் வேலை இருக்கிறது. 1961 முதல் 1967 வரை வந்த ஃபோர்டு ஈகோனோலைன் வேனின் அச்சு இதற்குப் பேர்போனது. சேஸிஸை மட்டம் பார்த்து நிறுத்தி, அச்சைப் பட்டைமேல் உட்காரவைத்த பிறகு கிங்பின்னின் சாய்வைப் பார்க்க வேண்டும். அதன் தலை 5 முதல் 7 டிகிரி பின்னால் சாய்ந்திருந்தால் சக்கரம் தானாக நேர்பாதைக்குத் திரும்பும். சாய்வு போதாவிட்டால் கார் அலையும். கிங்பின் புஷ் தேய்ந்திருந்தால் முன்பக்கம் முழுக்க வெடவெடவென்று நடுங்கும், அமெரிக்க மெக்கானிக்குகள் அதை ‘மரண நடுக்கம்’ என்கிறார்கள்.

பலர் தவறுவது ஸ்டீயரிங்கில். பட்டையின் ஒரு முனை நிலையாகவும், மறுமுனை அசையும் ஷாக்கிளிலும் இருக்கும். நிலையான முனை முன்னால் இருந்தால், அச்சு ஏறி இறங்கும்போது அந்த முனையை மையமாக வைத்து வளைந்து நகரும். ஸ்டீயரிங் பாக்ஸ் அச்சுக்குப் பின்னால் இருந்து, அங்கிருந்து முன்னோக்கி, சக்கரத்தைத் திருப்பும் டிராக் லிங்க் போனால், அது பின்புற மையத்தை வைத்து வளையும். இரண்டு வளைவும் ஒன்றுக்கொன்று எதிர். மூக்கு எழும்பி மீண்டும் விழும் ஒவ்வொரு முறையும், டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே சக்கரம் திரும்பும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் இது விளையாட்டல்ல. பட்டையின் நிலைமுனையும் ஸ்டீயரிங் பாக்ஸும் அச்சுக்கு ஒரே பக்கத்தில் இருக்கும்படி முதலிலேயே திட்டமிடுபவர் பிழைத்தார்.

60களில் ‘கேஸர் போர்’ என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்தே மோதிக்கொண்டார்கள். ‘பிக் ஜான்’ மஸ்மேனியனின் செக்கச்சிவந்த 1941 வில்லிஸ், ஒஹையோ ஜார்ஜ் மான்ட்கோமரியின் 1933 வில்லிஸ், கே.எஸ். பிட்மனின் கார் என்று வரிசை. வில்லிஸ் கார்களுக்குப் பிறப்பிலேயே நேர் அச்சு உண்டு, சிறிய உடல், குறைந்த எடை. எஞ்சின்மேல் ஜி.எம்.சி. 6-71 புளோயர் உட்கார்ந்திருக்கும். பஸ், லாரிகளின் டூ ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினுக்குக் காற்று ஊத வந்த கருவி அது.

அந்தக் கூட்டத்தில் ஸ்டோன், வுட்ஸ், குக் அணியைப் பற்றி நின்று பேச வேண்டும். காருக்குச் சொந்தக்காரர்களான ஃபிரெட் ஸ்டோனும் டிம் வுட்ஸும் கறுப்பினத்தவர்கள். ஓட்டிய டக் குக் வெள்ளையர். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியதே 1964இல்தான். அதே ஆண்டுகளில் ‘ஸ்விண்ட்லர்’ என்ற பெயருள்ள அவர்களுடைய வில்லிஸ், மூன்று பேருடைய பெயரையும் கதவில் சுமந்து நாடெங்கும் பந்தயம் ஓடியது. அந்தக் காலத்துப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் எஞ்சினுக்கு முன்னால் அந்தக் கதவுக்குத்தான் போகிறது.

பிறகு டயர் மாறியது. அகலமான, பக்கச்சுவர் மடிந்து கொடுக்கும் மெத்தென்ற டயர்கள் வந்ததும் உயரம் தேவையற்றதாயிற்று. தூக்கிய மூக்கு காற்றை வாங்கியது, கார் நிலைகொள்ளவில்லை. மான்ட்கோமரியே 1967இல் வில்லிஸை விட்டு, தாழ்ந்த உடல் கொண்ட மஸ்டாங்கைக் கொண்டுவந்தார். 70களின் தொடக்கத்தில் கேஸர் பிரிவுகள் மங்கிவிட்டன.

இன்று அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் சவுத்ஈஸ்ட் கேஸர்ஸ் அசோசியேஷன் 60களின் பாணியிலேயே பந்தயம் நடத்துகிறது. ஈகோனோலைன் அச்சு கிடைக்காதவர்களுக்குப் புதிதாகக் குழாய் அச்சு செய்து விற்கும் பட்டறைகளும் இருக்கின்றன. மாட்டும் வேலை மட்டும் மாறவில்லை. டேப்பின் ஒரு முனையை இடது முன்சக்கரத்திலும் மறுமுனையை வலது பின்சக்கரத்திலும் பிடித்து மூலைவிட்டம் அளக்கிறார்கள். பிறகு மற்ற மூலைவிட்டம். 3 மி.மீ. வித்தியாசம் வந்தால் யூ போல்ட்டுகளைத் தளர்த்தி, அச்சைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, டேப்பை மறுபடியும் பிடிக்கிறார்கள்.