டிராக் போடுவது முதல் டிரெட்மில் வரை: விளையாட்டுப் பட்டப்படிப்பில் என்னதான் படிக்கிறார்கள்?

2018 ஐ.பி.எல். தொடரில் சென்னை சூப்பர் கிங்ஸுக்காக அம்பத்தி ராயுடு 602 ரன் குவித்தார். அந்த ஆட்டத்துக்குப் பரிசாக, இங்கிலாந்துக்குப் போகும் இந்திய ஒருநாள் அணியில் இடம் கிடைத்தது. ஆனால் விமானம் ஏறவில்லை. யோ-யோ டெஸ்டில் தேவையான புள்ளி வராததால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். ‘ரன் அடிக்கிறவனைப் பிடித்து ஓடவிட்டா பார்ப்பார்கள்?’ என்று டீக்கடையில் ஆரம்பித்து ட்விட்டர் வரை சண்டை நடந்தது.

அந்தச் சோதனைக்குத் தேவையானவை 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகளும் ஒரு ஸ்பீக்கரும்தான். ‘பீப்’ ஒலித்ததும் ஓடி, அடுத்த ‘பீப்’புக்குள் எதிர்க்கோட்டைத் தொட்டு, மூன்றாவது ‘பீப்’புக்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு 10 விநாடி ஓய்வு. மறுபடியும் ஓட்டம். போகப்போக ஒலிகளுக்கு இடையிலான நேரம் குறையும். டென்மார்க்கைச் சேர்ந்த உடலியங்கியல் ஆய்வாளர் யென்ஸ் பாங்ஸ்போ வடிவமைத்தது. அப்போது இந்திய அணி கேட்ட அளவு 16.1. சுற்றுக் கணக்கில் 28 முறை போய்வருவது, தூரத்தில் 1120 மீட்டர். தூரம் ஒரு பொருட்டே இல்லை, பத்தாம் வகுப்புப் பையன் ஓடிவிடுவான். ஆளைச் சாய்ப்பது அந்தப் பத்து விநாடிதான். அதற்குள் இதயமும் தசையும் எவ்வளவு மீள்கின்றன என்பதைத்தான் இது அளக்கிறது. இரண்டு ரன் ஓடிவிட்டு உடனே அடுத்த பந்துக்கு மட்டையோடு நிற்கிறவருக்கு இது தேவையான திறன்தான். ஆனால் 16.1-க்குக் கீழே வந்தவர் வேண்டாம் என்பது அறிவியல் சொன்ன முடிவல்ல, தேர்வாளர்கள் எடுத்த முடிவு. சோதனை என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கப் பழக்குவதுதான் விளையாட்டு, உடற்பயிற்சி, உடல்நலம் சார்ந்த பட்டப்படிப்புகளின் மையம். ராயுடு சில வாரங்களில் தேறி, அதே ஆண்டு ஆசியக் கோப்பையில் ஆடினார் என்பது தனிக்கதை.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது: ‘பையன் நல்லா ஓடுவான், ஸ்டேட் மீட் வரைக்கும் போயிருக்கான். அந்தப் படிப்புல சேர்த்துவிடலாமா?’ எந்தப் படிப்பு என்று முதலில் கேட்க வேண்டும். ஏனென்றால் ஒரே மாதிரி பெயரில் நாலைந்து இருக்கின்றன, போய்ச்சேரும் இடம் வேறு வேறு.

பள்ளியில் பி.டி. மாஸ்டர் ஆக வேண்டுமானால் வழி பி.பி.எட். ஏதாவது ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கும் இரண்டு ஆண்டுப் படிப்பு இது. முன்பு ஓராண்டாக இருந்ததை, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் இரண்டாக்கின. அந்தக் குழுமத்தின் அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் வாங்கிய சான்றிதழை அரசு வேலைக்குக் காட்ட முடியாது. சேரும்போது ஓட்டம், தாண்டுதல், ஏதாவது ஒரு ஆட்டத்தில் திறமை எல்லாவற்றையும் மைதானத்திலேயே பார்ப்பார்கள். பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேரக்கூடியது மூன்று ஆண்டு பி.பி.இ.எஸ். அதை முடித்தவர்களும் பள்ளி வேலைக்கு மேலே பி.பி.எட். படித்தாக வேண்டும் என்பது பல பெற்றோருக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவருகிறது. கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் ஆக எம்.பி.எட்., அதற்கு மேல் நெட் அல்லது செட் தகுதித் தேர்வு.

பி.எஸ்சி. விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி அறிவியல் என்பது இன்னொரு கிளை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, மணிபால் போன்ற மருத்துவப் பின்னணி உள்ள பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன. இதைப் படித்தவர் பள்ளி ஆசிரியர் ஆவதில்லை, பிசியோதெரபிஸ்ட்டும் ஆவதில்லை. பிசியோவுக்கு பி.பி.டி. என்ற தனிப் படிப்பு, விளையாட்டு மருத்துவருக்கு எம்.பி.பி.எஸ். முடித்த பிறகான மேற்படிப்பு. ஒரு குறிப்பிட்ட ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் ஆக நினைப்பவர் 1961-ல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமாவை நாடுவார். இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பணம் கட்டுகிறவர்கள் இன்றும் நிறைய.

தமிழ்நாட்டுக்கு இந்தப் படிப்பு புதிதல்ல. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி ஆசியாவிலேயே முதலாவது என்று அறியப்படுவது. நந்தனத்தில் இன்றும் நடக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு பக்தான் மேலாளர். காரைக்குடி அழகப்பா, பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயாவின் மாருதி கல்லூரி என்று பெயர் பெற்ற இடங்கள் பின்னால் வந்தன. உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 2004-ல் சட்டம் இயற்றி, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் அமைத்ததும் இந்த மாநிலம்தான். இத்தனை இருந்தும் பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வது மட்டும் நிற்கவில்லை!

சுண்ணாம்பும் கணக்கும்

பி.பி.எட். மாணவர்கள் காலையில் முதலில் பழகும் வேலைகளில் ஒன்று டிராக் போடுவது. பார்ப்பதற்குச் சுண்ணாம்புத் தூளைக் கோடாகக் கொட்டுவதுபோல இருக்கும். அதற்குப் பின்னால் முழுக்கக் கணக்கு. 400 மீட்டர் தடத்தில் இரண்டு நேர்பகுதிகள், ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். இரண்டு அரைவட்டங்கள், ஆரம் 36.50 மீட்டர். ஓடுகிறவர் உள்விளிம்பை உரசிக்கொண்டு ஓடுவதில்லை என்பதால் 30 சென்டிமீட்டர் தள்ளி, 36.80 என்ற ஆரத்தில்தான் தூரத்தைக் கணக்கிட வேண்டும். போட்டுப் பாருங்கள், 400 சரியாக வரும்.

இரண்டாவது லேனில் ஓடுகிறவருக்கு வளைவு பெரிது. அவர் கூடுதலாக ஓடாமல் இருக்க எவ்வளவு முன்னால் நிறுத்துவது? 7.04 மீட்டர். மூன்றாவது லேனிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 7.67 கூட்டிக்கொண்டே போக வேண்டும். லேன் அகலம் 1.22 மீட்டர், அதை இரண்டு பையால் பெருக்கினால் வருவது இது. எட்டாவது லேனில் நிற்கிறவர் முதல் லேன்காரரைவிட 53 மீட்டர் முன்னால் நிற்கிறார். பள்ளி விளையாட்டு விழாவில் ‘அவனை மட்டும் ஏன் முன்னாடி நிறுத்தினீங்க?’ என்று சண்டைக்கு வரும் அப்பாக்களுக்கு விடை இந்தப் பெருக்கலில் இருக்கிறது. நம் பள்ளிகள் பலவற்றில் 400 மீட்டருக்கு இடம் கிடையாது. 200 மீட்டர் தடத்துக்கு எல்லா எண்ணும் மாறும். எண்களை மனப்பாடம் செய்தவர் அங்கே விழிப்பார், சூத்திரம் புரிந்தவர் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். செய்முறைத் தேர்வில் பார்ப்பதும் அதைத்தான்.

விளையாட்டு அறிவியல் வகுப்பில் மைதானத்தின் இடத்தை ஆய்வகம் பிடித்துக்கொள்கிறது. எலி, தவளை எதுவும் இல்லை. மாணவர்களின் உடல்தான் சோதனைப் பொருள். ஒருவர் டிரெட்மில்லில் ஏறுவார். முகத்தில் மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி, அதிலிருந்து குழாய், மார்பில் இதயத்துடிப்புப் பட்டை. விடும் மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் மீதமிருக்கிறது என்பதைக் கருவி எழுதிக்கொண்டே போகும். வேகமும் சரிவும் ஏற ஏற உடல் எடுக்கும் ஆக்சிஜனும் ஏறும். ஒரு கட்டத்தில் வேகத்தைக் கூட்டினாலும் அது மேலே போகாது. அதுதான் அந்த ஆளின் உச்ச அளவு, விளையாட்டுக்காரர்கள் ‘வி.ஓ.2 மேக்ஸ்’ என்று சொல்வது. நெஞ்சுவலி என்று போனால் மருத்துவமனையில் செய்யச் சொல்லும் டி.எம்.டி.க்கும் இதற்கும் நெருங்கிய உறவு. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் ஏற்றும் அந்த முறையை 1963-ல் வெளியிட்டவர் ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர்.

கருவி விலை அதிகம், எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. ஆனால் கையளவு காலிப்பரை வைத்தே ஒரு செமஸ்டர் படிக்க வேண்டியது உண்டு. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை அளப்பது வெளியிலிருந்து பார்க்கக் கிள்ளுவதுபோல் தெரியும். வலது தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியை டேப் வைத்துக் கண்டுபிடித்து, கையின் பின்பக்கம் பேனாவால் குறிக்க வேண்டும். அங்கே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலையும் கொழுப்பையும் மட்டும், தசை சேராமல், பிடித்துத் தூக்க வேண்டும். விரலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் காலிப்பரைப் பொருத்தி, இரண்டு விநாடியில் எண்ணைப் படிக்க வேண்டும். தாமதித்தால் கொழுப்பு அமுங்கி அளவு குறைந்துபோகும். இரண்டு முறை அளந்து, எண்கள் ஒத்துவராவிட்டால் மூன்றாவது முறை. ஒரே ஆளை இரண்டு மாணவர்கள் அளந்து இரண்டு விடை சொல்வது முதல் மாதங்களில் சாதாரணம். யார் கை தப்பு என்று ஆசிரியர் தேடவைப்பார்.

தொடுவதற்கு முன் அனுமதி கேட்பது, பெண்களைப் பெண்கள் அளப்பது, எண்ணை வகுப்பில் உரக்கப் படிக்காமல் இருப்பது இவையும் பாடம்தான். எடையைச் சொல்லிக் கேலி செய்து வளர்ந்த ஊர் இது. இந்தப் பகுதியைச் சிரத்தையாகக் கற்றுக்கொடுக்கிற கல்லூரியை நான் கருவி நிறைந்த கல்லூரிக்கும் மேலே வைப்பேன்.

ஓடாதவர்களைப் பற்றிய படிப்பு

விளையாட்டு என்ற சொல்லை நம்பி வருகிறவர்கள் எதிர்பார்க்காத பாதி ஒன்று உண்டு, உடல்நலம். அதன் தொடக்கக் கதை லண்டன் பேருந்துகளில் நடந்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதே மாடிப் பேருந்து, அதே வழித்தடம், கிட்டத்தட்ட ஒரே சம்பளம், ஒரே வாழ்க்கை. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. தெருத்தெருவாகத் தபால் கொடுத்தவர்களுக்கும் நாற்காலி வேலை செய்த தபால்துறையினருக்கும் இடையே அதே வித்தியாசம்.

நல்ல ஆசிரியர் இங்கே நிறுத்துவதில்லை. படி ஏறியதால் நடத்துநர்கள் நலமாக இருந்தார்களா, அல்லது ஏற்கெனவே பருமனானவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்குப் போனார்களா? மாரிஸே இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார். 1956-ல் அவரது குழு சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தது. ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு, வேலைக்குச் சேர்ந்த வயதிலேயே பெரிதாக இருந்தது! இன்று உடற்பயிற்சியின் பலனைச் சொல்ல ஏராளமான ஆய்வுகள் வந்துவிட்டன, முடிவு நிற்கிறது. இருந்தாலும் ‘இது அதற்குக் காரணமா?’ என்று கேட்கப் பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. புள்ளியியல் என்றாலே ஓடும் கபடிக்காரர்கள்கூட இந்தக் கால்சட்டைக் கதையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

நமக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று கணித்தது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சொல்வது சுலபம். முட்டிவலி உள்ள, இன்சுலின் போடும் ஐம்பத்தைந்து வயது அம்மாவுக்கு அந்த 150 நிமிடத்தை எதில் தொடங்குவது, நடுவில் சர்க்கரை இறங்கினால் எப்படிக் கண்டுகொள்வது, எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புவது? ‘ஒரு மாதத்தில் பத்துக் கிலோ’ என்று பலகை மாட்டிய ஜிம்முக்கும் பட்டம் படித்தவருக்கும் வித்தியாசம் தெரிவது இந்த இடத்தில்தான். மருந்தை மாற்றுவது இவர் வேலை அல்ல என்பதைத் தெரிந்துவைத்திருப்பதும் படிப்பில் சேர்த்தி.

வேலை விஷயத்தில் பூசி மெழுக வேண்டாம். அரசுப் பள்ளிப் பணியிடங்கள் எப்போதாவது ஒருமுறை அறிவிக்கப்படுகின்றன, போட்டி கடுமை. தனியார் பள்ளிகளில் சம்பளம் பல இடங்களில் படிப்புக்கு ஏற்றதாக இல்லை. அணியோடு பயணம் செய்யும் ட்ரெய்னர் வேலை எல்லோர் கண்ணிலும் படும். இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த ராம்ஜி ஸ்ரீனிவாசன், பாசு சங்கர் இருவருமே சென்னைக்காரர்கள். ஆனால் அந்த மாதிரி நாற்காலிகள் நாட்டிலேயே சில நூறுக்குள் அடங்கும். ஆட்கள் தேவைப்படுவது மருத்துவமனைகளின் மறுவாழ்வுப் பிரிவுகளிலும் அகாடமிகளிலும் நிறுவனங்களின் உடல்நலத் திட்டங்களிலும். அங்கெல்லாம் கோப்பை எத்தனை வாங்கினாய் என்று கேட்பது குறைவு, உடலைப் பற்றி என்ன தெரியும் என்பதே முக்கியம். படிப்பும் அதைத்தான் கேட்கிறது. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த, மைதானத்தில் பெரிதாகச் சாதிக்காத பெண்பிள்ளைகள் அறிவியல் கிளையில் நன்றாக வருவதற்கும், மாநில வீரர்கள் உடற்கூறியல் தேர்வில் அரியர் வைப்பதற்கும் காரணம் இதுதான்.

சேர்வதற்கு முன் கல்லூரிக்கு நேரில் போய்விடுவது நல்லது. பிரோஷரில் உள்ள டிரெட்மில் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அதன்மேல் கவர் போர்த்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினால், எண்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றனவா, இல்லை எல்லா நோட்டிலும் ஒரே அளவு நகலெடுத்திருக்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைசி செமஸ்டரில் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள், எத்தனை வாரம், அங்கே கையெழுத்துப் போடுவது யார் என்பதையும் கேளுங்கள். சென்ற ஆண்டு போய்வந்த மாணவர்கள் இருவரின் பெயரைக் கல்லூரி தயங்காமல் சொன்னால், மீதியை அவர்களிடமே விசாரித்துக்கொள்ளலாம்.