அரைச்சுவர்ப் பள்ளியும் அடைத்த லயமும்

2020 மார்ச் 13 அன்று இலங்கையின் பாடசாலைகள் அனைத்தும் மூடப்பட்டன. பதுளை மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் வேலை நெடுநாள் நிற்கவில்லை. ஊரடங்கு நடப்பிலிருந்த காலத்திலும் தோட்டத் தொழிலுக்கு விலக்களிக்கப்பட்டது; தாய்மார் வழக்கம்போல் காலை ஆளெடுப்பான பெரட்டுக்குச் சென்று கொழுந்துக் கூடையை ஏந்தினர். பிள்ளைகள் மட்டும் வகுப்பறையை விட்டு, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் அறைக்குத் திரும்பினர். தொற்றுநோய்க் காலத்தில் கூட்டத்தைக் கலைக்க வேண்டும் என்பது பழமையான, சரியான விதியே. கலைந்தவர்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்ற வினா அவ்விதியோடு சேர்த்துக் கேட்கப்பட வேண்டியது. பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தின் தோட்டங்களைப் பொறுத்தவரை அதை எவரும் கேட்கவில்லை.

பேசும்போதும் பாடும்போதும், வெறுமனே மூச்சுவிடும்போதும்கூட, நம் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர்த்திவலைகள் வெளிப்படுகின்றன. பெரியவை ஓரிரு மீற்றர் தொலைவுக்குள் நிலத்தில் வீழ்கின்றன. மிக நுண்ணியவை அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதக்கின்றன. வில்லியம் வெல்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1930களிலேயே இதனை ஆராய்ந்தார். பிலடெல்பியாப் பகுதி வகுப்பறைகளில் புறவூதா விளக்குகளைப் பொருத்தி, சின்னமுத்து நோய் காற்றுவழியே பரவுவதைத் தடுக்க முயன்றார். ஆயினும் கோவிட் பெருந்தொற்றின் தொடக்கத்தில் உலகம் கைகழுவுவதைப் பற்றியே பெரிதும் பேசியது. 2020 ஜூலையில் 239 அறிவியலாளர்கள் திறந்த மடல் எழுதிக் காற்றுவழிப் பரவலை வலியுறுத்தினர். உலக சுகாதார நிறுவனம் 2021இல்தான் அதனைத் தன் விளக்கத்தில் தெளிவாகச் சேர்த்தது.

ஓர் அறையின் காற்றில் எவ்வளவு பங்கு பிறர் விட்ட மூச்சு என்பதை அளக்க எளிய வழி உண்டு. நாம் வெளிவிடும் மூச்சில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 4 வீதம். அதாவது பத்து இலட்சம் பங்கில் 40,000. வெளிக்காற்றில் அது 420 அளவே. வகுப்பறைக் காற்று 1,200 காட்டுமானால், மிகையான 780 மனித மூச்சிலிருந்து வந்தது. அவ்வறையில் இழுக்கும் ஒவ்வோர் ஐம்பது மூச்சிலும் ஒன்று, யாரோ ஒருவரின் நுரையீரலைத் தொட்டு வந்த காற்றுக்கு ஈடானது. சன்னல்களைத் திறந்து அளவை 600க்கு இறக்கினால் அது இருநூறில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. ரட்னிக், மில்ட்டன் என்னும் இருவர் 2003இல் இக்கணக்கைத் தொற்று வாய்ப்போடு இணைத்துக் காட்டினர்.

இக்கணக்கைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவோம். பழைய லயங்களில் ஓர் அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்சுவர் அடுத்த குடும்பத்தின் சுவராகவும் இருப்பதால், காற்று ஊடறுத்துச் செல்ல வழியே இல்லை. முன்கதவைச் சாத்தியதும் அடுப்புப் புகை எங்கே தங்கி நிற்கிறதோ, அங்கேதான் நோயுற்றவரின் மூச்சும் தங்கி நிற்கும். எட்டடி உயரம் எனக் கொண்டால் அறையின் கொள்ளளவு 960 கன அடி. அறுவர் உறங்கினால் ஆளுக்கு 160 கன அடி.

பழைய தோட்டப் பாடசாலையோ பெரும்பாலும் ஒரே நீண்ட மண்டபம். இடுப்பளவு அரைச்சுவர், அதற்கு மேல் கம்பிவலை அல்லது வெறும் வெளி, மேலே தகரக் கூரை. தரம் ஒன்றையும் தரம் இரண்டையும் பிரிப்பது ஒரு கரும்பலகை. 80 அடிக்கு 20 அடி, சராசரி உயரம் 12 அடி என்று வைத்து, அறுபது பிள்ளைகளை அமர்த்தினால் ஆளுக்கு 320 கன அடி கிடைக்கிறது. லயத்து அறையைப்போல் இருமடங்கு இடம். இருபுறமும் திறந்த காற்றோட்டம். அங்கே தங்குவது ஐந்தாறு மணி நேரம், அறையிலோ இரவு முழுவதும். ஒரு வகுப்பின் இரைச்சல் மறு வகுப்பில் கேட்கிறது என்று நாம் பல்லாண்டு குறைகூறிய அம்மண்டபமே, பெருந்தொற்றுக் காலத்தில் அத்தோட்டத்தின் மிகப் பாதுகாப்பான கூரையாக இருந்திருக்கக்கூடும்.

தோட்டத்து ஆரம்பப் பாடசாலைக்குப் பிள்ளைகள் நடந்தே வருகின்றனர். வகுப்பில் அருகருகே அமர்வோர் மாலையில் ஒரே லயத்து வாசலில் விளையாடுவோர். பள்ளி மூடியதால் அவர்களின் தொடர்பு வட்டம் பெரிதாகச் சுருங்கவில்லை. புறத்திலிருந்து வருபவர் பெரும்பாலும் ஆசிரியர். பதுளையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ நெரிசல் மிக்க பேருந்தில் வருபவர். ஆகவே காக்க வேண்டிய வாயில் அதுவே. ஆசிரியர்களுக்கு 2021 ஜூலையில் தடுப்பூசி போடத் தொடங்கியமை இவ்வகையில் மிகச் சரியான செயல்.

மூடலுக்கு ஈடாகத் தரப்பட்டது இணையவழிக் கற்றல். லுணுகலையில் பிள்ளைகள் பெரியவர்களின் துணையோடு காட்டுக்குள் சென்று, மரத்தின் மேல் சுமார் 30 அடி உயரத்தில் கட்டிய பரணில் ஏறி, முறைவைத்துப் பாடங்களை இறக்கிக்கொண்டனர். போஹிட்டியாவக் கிராமத்தில், சிறுத்தையும் யானையும் உலவும் புதர்க்காட்டைக் கடந்து ஒரு பாறையின் மேல் ஏறினால்தான் சமிக்ஞை கிடைத்தது. 2021இல் உலகச் செய்திகளில் இடம்பெற்ற இக்காட்சிகளைப் பலர் வியந்து பாராட்டினர். எனக்கு அவை வேதனையையே தந்தன. காற்றோட்டமுள்ள கட்டடம் பூட்டிக் கிடக்க, பத்து வயதுப் பிள்ளையை மரத்தில் ஏற்றியதை நோய்த்தடுப்பு என்று எந்த அறிவியலும் ஏற்காது. நாட்டு மாணவரில் 40 வீதத்தினரால் மட்டுமே இணைய வகுப்பில் சேர முடியும் என்று இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போதே கூறியது.

மீளத் திறந்தபோது எடுத்த முடிவுகளில் ஒன்று உண்மையில் போற்றத்தக்கது. 2021 ஒக்டோபர் 21 அன்று, 200 மாணவருக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் முதலில் திறக்கப்பட்டன. சம்பள முரண்பாட்டை முன்வைத்துப் போராடிய ஆசிரியர்களும் அதிபர்களும் ஒக்டோபர் 25இல் கடமைக்குத் திரும்ப, எஞ்சிய ஆரம்பப் பிரிவுகள் அன்று தொடங்கின. நவம்பர் 8இல் தரம் 10 முதல் 13 வரையும், 22இல் தரம் 6 முதல் 9 வரையும் வந்தன. சிறிய பள்ளிக்கு முதலிடம் தந்தது வெறும் நிர்வாக வசதியன்று. கூட்டத்தைப் பாதியாக்கினால் அதில் நோயுற்றவர் ஒருவர் இருக்கும் வாய்ப்பு பாதியாகிறது; அவரிடமிருந்து தொற்றக்கூடியவர் தொகையும் பாதியாகிறது. இரண்டும் பெருகி, எதிர்பார்க்கும் தொற்று ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிறது. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து மாறிமாறி அழைத்த ஏற்பாட்டின் வலிமையும் இதுவே.

பருவத்தை மட்டும் எவரும் எண்ணவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்த கச்சான் காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. ஜூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் அவ்வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணத்தைத் தருகிறது. அரைச்சுவர் மண்டபத்தில் காற்று தங்காத காலமும் அதுவே. ஒக்டோபர் பிறந்தால் நிலை மாறும். முதலில் இடைப்பருவ மழையும் பின்னர் வடகீழ்ப் பருவமழையும் பசறை, நமுனுகுலைச் சரிவுகளில் சாய்ந்து அடிக்கும். நனையாதிருக்கத் திறப்புகளில் படங்கு கட்டுவார்கள், சன்னலைச் சாத்துவார்கள். முதல் மூடலுக்குப் பின் வந்த 2020 ஜூலைத் திறப்பு ஊவாவுக்கு நற்பருவத்தில் அமைந்தது. 2021ஆம் ஆண்டுத் திறப்பு மழையின் நடுவே அமைந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் கோவிட்டின் டெல்ரா அலை உச்சத்தில் இருந்ததால் முன்கூட்டித் திறந்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயின் சாரலடிக்கும் பக்கத்தை மட்டும் மறைத்து எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைக்குமாறும், கூரைவிளிம்பை இரண்டடி நீட்டுமாறும் அதிபர்களுக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குச் சில தகரங்களே போதும்.

இழப்பின் அளவைப் பள்ளி நாட்களால் மட்டும் எண்ண இயலாது. 2016ஆம் ஆண்டின் மக்கட்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமின்மை நாடளாவ 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். அத்தகைய பிள்ளைகளுக்குப் பள்ளி உணவும் பாடத்துக்கு நிகரான தேவை. 2020 சனவரியில் தரம் ஒன்றில் சேர்ந்த பிள்ளை, உயிரெழுத்துகளை எழுதிப் பழகும் முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டது. வாசிப்பு தானாக மலர்வதில்லை. பிழையாக உச்சரித்த அந்தக் கணத்திலேயே திருத்தும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். கொழுந்துக் காட்டிலிருந்து களைத்துத் திரும்பும் தாயிடம் அப்பணியையும் சுமத்தினோம்.

அடுத்த தொற்றுக்கான விதியை ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் இப்போதே எழுதிவைக்கலாம்: பிள்ளைகள் நடந்துவரும் சிறிய தோட்டப் பாடசாலைகள் கடைசியாக மூடப்பட்டு முதலில் திறக்கப்பட வேண்டும், ஒவ்வொரு கல்வி வலயப் பணிமனையும் சில காபனீரொட்சைட்டு மானிகளை வாங்கி, மண்டபம் மண்டபமாகக் கொண்டுசென்று, வெயில் காலத்தில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் அளந்து பதிய வேண்டும், புதிய கட்டடம் எழுப்பும் எவரும் அரைச்சுவரை முழுச்சுவராக உயர்த்துமுன் அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும்.