குமரியில் மட்டும் வேறு கணக்கு

கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன் 2014-இல் வாங்கிய வாக்குகள் சுமார் 3.73 லட்சம். 2019-இல் 3.67 லட்சம். 2024-இல் 3.66 லட்சம். மூன்று பொதுத் தேர்தல்களிலும் வாக்கு ஏறக்குறைய அசையவே இல்லை. ஆனால் முதல் முறை 1.28 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்து மத்திய இணை அமைச்சரானவர், அடுத்த முறை 2.6 லட்சத்திலும் அதற்கடுத்து 1.8 லட்சத்திலும் தோற்றார்.

மாறியது எதிரே நின்றவர்களின் எண்ணிக்கைதான். 2014-இல் காங்கிரஸ், அ.தி.மு.க., தி.மு.க., மார்க்சிஸ்ட் என்று ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். காங்கிரஸுக்கு 2.44 லட்சம், அ.தி.மு.க.வுக்கு 1.76 லட்சம், தி.மு.க.வுக்கு 1.18 லட்சம் என்று வாக்குகள் சிதறின. 2019-இல் தி.மு.க. கூட்டணியின் காங்கிரஸ் வேட்பாளர் எச். வசந்தகுமாருக்கு 6.27 லட்சம் விழுந்தது. அந்தத் தேர்தலில் அ.தி.மு.க., பா.ஜ.க.வோடு சேர்ந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. ஐந்தாண்டுக்கு முன் இரட்டை இலைக்கு விழுந்த 1.76 லட்சத்தில் பாதி வந்திருந்தால்கூடத் தாமரையின் கணக்கு எங்கோ ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியது. குமரியில் அ.தி.மு.க. வாக்காளர்களில் பெரும்பாலோர் தலைமை காட்டிய பக்கம் போகவில்லை என்றே இதை எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் கடலோரக் கிராமங்கள் ஆட்களை இழந்த துயரமும், இனயம் துறைமுகத் திட்டத்தின் மீதிருந்த கோபமும் அந்தத் தேர்தலில் சேர்ந்துகொண்டன. பொன். ராதாகிருஷ்ணன் கொண்டுவந்த மார்த்தாண்டம் மேம்பாலத்தால் அதை ஈடுகட்ட முடியவில்லை.

தமிழகத்தில் ஒரு அலை அடித்தால் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது தொகுதிகளும் ஒரே பக்கம் சாய்வது வழக்கம். குமரி அதில் சேர்த்தி இல்லை. 1967-இல் தி.மு.க. அலையில் காங்கிரஸுக்கு மாநிலத்தின் 39 மக்களவைத் தொகுதிகளில் மிஞ்சியவை மூன்று. அதில் ஒன்று நாகர்கோவில். (2008 மறுசீரமைப்புக்கு முன் தொகுதியின் பெயர் அதுதான்.) 1971-இல் ஸ்தாபன காங்கிரஸ் தமிழகத்தில் வென்ற ஒரே இடமும் இதுவே. 1977-இல் அ.தி.மு.க., காங்கிரஸ் அணி 34 இடங்களை அள்ளியபோது இங்கே ஜெயித்தவர் ஸ்தாபன காங்கிரஸின் குமரி அனந்தன். 1998-இல் ஜெயலலிதா அணி 30 இடங்களைப் பிடித்தபோது இங்கே தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) வென்றது. 2014-இல் அ.தி.மு.க. 37 இடங்களை எடுத்தபோது தவறிய இரண்டில் ஒன்று இது, மற்றது தருமபுரி. இன்றுவரை அ.தி.மு.க. இங்கே ஒருமுறைகூட வென்றதில்லை. தி.மு.க.வுக்கு வாய்த்தது ஒரே ஒரு முறை, 2009-இல், ஹெலன் டேவிட்சன்.

ஏன் இப்படி என்று கேட்டால் திருவிதாங்கூருக்குத்தான் போக வேண்டும். 1952-இல் முதல் தேர்தல் நடந்தபோது இந்தப் பகுதி சென்னை மாநிலத்திலேயே இல்லை, திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. ஜெயித்தவர் ‘மார்ஷல்’ நேசமணி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வேட்பாளர். தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கும் போராட்டத்தை நடத்தியது அந்தக் கட்சி. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. தமிழுக்காகப் போராடியவர்கள் என்ற பெயர் மற்ற மாவட்டங்களில் திராவிட இயக்கத்துக்குப் போனது. இங்கே கதர்ச் சட்டைக்காரர்களுக்குப் போய்விட்டது. சாதிக் கொடுமைக்கு எதிரான பேச்சும் இங்கே புதிதல்ல. தோள்சீலைப் போராட்டம், அய்யா வைகுண்டர், லண்டன் மிஷன் பள்ளிகள் எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சங்கதிகள். பெரியாரின் இயக்கம் வந்து சேரும்போது அது பேச வேண்டியதில் ஒரு பகுதி ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டிருந்தது.

1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகரில் தோற்ற காமராஜருக்கு மறுவாழ்வு கொடுத்ததும் இந்தத் தொகுதிதான். 1968-இல் நேசமணி மறைந்தார். 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில், ஆளும் தி.மு.க. ஆதரவோடு நின்ற சுதந்திரா கட்சி வேட்பாளர் டாக்டர் மத்தியாஸை காமராஜர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1975-இல் சாகும்வரை இத்தொகுதியின் எம்.பி. அவரே. பிறகு வந்த என். டென்னிஸ் 1980 முதல் 1998 வரை ஆறு தேர்தல்களில் தொடர்ந்து ஜெயித்தார். நான்கு முறை காங்கிரஸ், இரண்டு முறை த.மா.கா. கட்சி உடைந்தாலும் தொகுதி அவரை விடவில்லை.

பா.ஜ.க.வின் கதையை 1982-இலிருந்து சொல்ல வேண்டும். அந்த மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட கலவரம் இந்துக்களையும் கிறிஸ்தவர்களையும் வாக்குச்சாவடியிலும் பிரித்தது. மக்கள்தொகையும் அதற்கு ஏற்றாற்போல் இருக்கிறது: 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். 1957-இல் காங்கிரஸ் எம்.பி.யாக டெல்லி போன தாணுலிங்க நாடார், பின்னாளில் இந்து முன்னணியின் தலைவரானார். ஒரே மனிதரின் வாழ்க்கையில் தொகுதியின் திருப்பம் முழுதும் தெரிகிறது. 1996-இல் பத்மநாபபுரம் தமிழகத்தின் முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ.வைத் தந்தது. 1999-இல் தி.மு.க. கூட்டணிக்கு வந்ததும் மக்களவைத் தொகுதியும் கிடைத்தது. 2004-இல் தி.மு.க. அணி மாறியதும் தொகுதியும் மாறி, மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் வென்றார்.

மதக் கணக்கு ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதற்கு வசந்தகுமார் குடும்பமே சாட்சி. அண்ணன் குமரி அனந்தன், தம்பி வசந்தகுமார், தம்பி மகன் விஜய் வசந்த் என மூவரும் இந்துக்கள். மூவரையும் தொகுதி டெல்லிக்கு அனுப்பியது. 2020-இல் வசந்தகுமார் கொரோனாவால் இறந்த பிறகு, 2021 இடைத்தேர்தலில் சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து வாக்குப்பதிவு நடந்தது. பொன். ராதாகிருஷ்ணன் அந்த ஒருமுறைதான் 4.38 லட்சம் வரை போனார். அப்போதும் விஜய் வசந்த் 1.38 லட்சம் முன்னால் நின்றார்.

2024 தேர்தலுக்குச் சற்று முன்பு விளவங்கோடு காங்கிரஸ் எம்.எல்.ஏ. விஜயதரணி பா.ஜ.க.வுக்குப் போனார். மக்களவைத் தேர்தலன்றே அந்தச் சட்டமன்றத் தொகுதிக்கும் இடைத்தேர்தல் வைத்தார்கள். காங்கிரஸ் தாரகை கத்பர்ட்டை நிறுத்தி, சுமார் 40 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது.