பொம்மையை வைத்துப் பிள்ளை வளர்க்கக் கற்ற கொரில்லா!

1956, டிசம்பர் 22. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் உயிரியல் பூங்கா. கொரில்லாக் கூண்டைப் பார்க்கப் போன ஊழியர் வாரன் தாமஸ் திகைத்து நின்றார். பனிக்குடப் பைகூடக் கிழியாமல் தரையில் கிடந்தது ஒரு பச்சிளம் குட்டி!

கால்நடை மருத்துவ மாணவரான அவர், குட்டியை வெளியே எடுத்து, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்தார். குட்டி பிழைத்தது. அதுதான் 'கோலோ'. மனிதர்களின் பராமரிப்பில் பிறந்த உலகின் முதல் கொரில்லா.

குட்டியைத் தாய் மில்லியிடம் விடப் பயந்தார்கள். இன்குபேட்டர், பால்புட்டி, அழகழகான உடைகள் என்று மனிதக் குழந்தையைப் போலவே கோலோ வளர்ந்தாள். ஊரே அவளைக் கொண்டாடியது.

ஆனால், பின்னாளில் கோலோ மூன்று குட்டிகளைப் பெற்றபோது, ஒன்றைக்கூட அவள் வளர்க்கவில்லை. அவற்றையும் மனிதர்கள்தான் வளர்த்தார்கள்.

பார்த்துப் பழக வேண்டும்

பெற்றுவிட்டால் போதும், தாய்மை தானாக வந்துவிடும் என்றுதான் நினைக்கிறோம். கொரில்லாக்கள் விஷயத்தில் அது பாதி உண்மைதான்.

காட்டில் கொரில்லாக்கள் கூட்டுக் குடும்பமாக வாழ்பவை. முதுகில் வெள்ளி நிற முடி கொண்ட பெரிய ஆண்தான் வீட்டுக்குத் தலைவர். அவரைச் சுற்றிப் பல தாய்கள், பிள்ளைகள். சுமார் எட்டரை மாதம் சுமந்து பெறும் குட்டிக்கு மூன்று, நான்கு வருடங்கள் வரை தாய் பால் கொடுப்பாள். குட்டியை நெஞ்சோடு எப்படி அணைப்பது, முதுகில் எப்படிச் சுமப்பது என்பதையெல்லாம் இளம் பெண் கொரில்லாக்கள் அருகில் இருந்து பார்த்துத்தான் பழகுகின்றன.

கண்ணாடி அறையில் தனியாகப் பால்புட்டியில் வளர்ந்த குட்டி, இதையெல்லாம் யாரிடம் பார்க்கும்?

பொம்மைப் பாடம்

இந்தக் குறையைச் சரிசெய்ய, சிகாகோ அருகே உள்ள புரூக்ஃபீல்டு பூங்கா ஒரு வழி கண்டுபிடித்தது. அங்கிருந்த பின்டி ஜுவாவும் மனிதர் கையில் வளர்ந்தவள். அவள் கர்ப்பமானதும், ஊழியர்கள் ஒரு பொம்மையைக் கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள். பொம்மையை அணைத்துப் பிடிக்கவும், பத்திரமாகத் தங்களிடம் எடுத்து வரவும் பழக்கினார்கள். பிறகு பிறந்த மகள் கூலாவை பின்டி தானே வளர்த்தாள்.

1996, ஆகஸ்ட் 16. மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தடுப்பில் ஏறி, கொரில்லாக்கள் இருந்த பள்ளத்துக்குள் விழுந்து மயங்கினான். கூட்டம் அலறியது. முதுகில் கூலாவோடு வந்த பின்டி, சிறுவனைத் தூக்கிக் கையில் அணைத்தபடி, ஊழியர்கள் வரும் கதவருகே கொண்டுபோய் மெல்லக் கிடத்தினாள். சிறுவன் பிழைத்துக்கொண்டான்.

அது தாய்மையா, பயிற்சியா என்று இன்றும் விவாதம் உண்டு. இரண்டும் கலந்ததாகவும் இருக்கலாம், இல்லையா?

முழங்காலிட்ட ஊழியர்கள்

இன்று பூங்காக்களின் அணுகுமுறையே மாறிவிட்டது. 2013-ல் டெக்சாஸில் பிறந்த கிளாடிஸ் என்ற குட்டியை அதன் தாய் கவனிக்கவில்லை. குட்டி சின்சினாட்டி பூங்காவுக்கு வந்தது. அங்கே ஊழியர்கள் கறுப்பு உடையும் ரோமம் வைத்த மேல்சட்டையும் அணிந்து, கொரில்லாவைப் போலவே உறுமி, கையூன்றித் தவழ்ந்து, அவளை இரவு பகலாகச் சுமந்தார்கள். எல்லாம், அவள் தன்னை மனிதக் குழந்தை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. மற்ற கொரில்லாக்களின் பார்வையிலேயே அவளை வைத்திருந்தார்கள். சில மாதங்களில் மிலின்சி என்ற பெண் கொரில்லா அவளைப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது.

நம் கோலோ என்ன ஆனாள்? பெற்ற பிள்ளைகளை வளர்க்காத அவள், 1980-களில், தன் பேரன் ஜே.ஜே.யைக் குட்டியிலிருந்தே வளர்த்து ஆளாக்கினாள். கொள்ளுப் பேரன் பேத்திகளையும் பார்த்துவிட்டு, 2017 ஜனவரியில், 60 வயதில், தூக்கத்திலேயே அமைதியாக விடைபெற்றாள்.

அம்மாவாக விட்டதை, பாட்டியாகப் பிடித்துவிட்டாள் கோலோ!