இருட்டில் விழும் பொம்மை ஹெலிகாப்டர்: 3 சின்ன விளக்கு போதும்!

திருவண்ணாமலை,

மலை உச்சியில் தீபம் ஏற்றியதும் பல மைல் தூரத்தில் இருப்பவர்கள்கூட "அதோ, அண்ணாமலை!" என்று கை நீட்டுகிறார்கள். 2 ஆயிரத்து 668 அடி உயரமுள்ள மலைதான். ஆனாலும் இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. விளக்குதான் அதைக் காட்டிக் கொடுக்கிறது.

பையன்கள் பறக்கவிடும் பொம்மை ஹெலிகாப்டரில் ஒரு மிளகு அளவு விளக்கு செய்வதும் இதே வேலைதான்.

சாயங்காலம் 6 மணி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன், ரிமோட் ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறான். "கொர்ர்" என்று கிளம்புகிறது. இரண்டு சுற்று சுற்றுகிறது. மூன்றாவது சுற்றில் அடுத்த வீட்டு ஓட்டுமேல் போய் விழுகிறது.

"ஏன்டா, 15 நாள் ஆகலே, அதுக்குள்ளே உடைச்சிட்டியா?" என்று அப்பா சத்தம் போடுகிறார்.

"இல்லேப்பா! நான் இடது பக்கம்தான் திருப்பினேன். அது வலது பக்கம் போயிடுச்சு!" என்று பையன் அழுகிறான்.

பையன் சொல்வது பொய் அல்ல!

ஏன் எதிர்ப்பக்கம் போகிறது?

ஹெலிகாப்டரின் வால் நம்மைப் பார்த்து இருந்தால் சிக்கல் இல்லை. ரிமோட்டை இடது பக்கம் தள்ளினால் அது நமக்கும் இடது பக்கமே போகும்.

மூக்கு நம்மைப் பார்த்துத் திரும்பிவிட்டால் கதை மாறிவிடும். எதிரே நிற்கிறவரின் இடது கை நமக்கு வலது பக்கம் இருக்கிறதல்லவா? அதே மாதிரி, ஹெலிகாப்டரின் இடது நமக்கு வலதாகிவிடும்.

பகலில் வாலைப் பார்த்துச் சமாளிக்கலாம். பொழுது சாய்ந்தால் மூக்கும் வாலும் ஒரே கறுப்புப் பொட்டாகத் தெரியும். எது முன், எது பின் என்று யோசிப்பதற்குள் தரைக்கு வந்துவிடும்.

இடது சிவப்பு, வலது பச்சை

இதற்கு வழி எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. கப்பலில் இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்கு. விமானத்திலும் நிஜ ஹெலிகாப்டரிலும் அதே ஏற்பாடுதான். வாலில் மட்டும் வெள்ளை.

பொம்மையிலும் இப்படியே வைத்துவிட்டால் போதும். சிவப்பு இடது பக்கமும் பச்சை வலது பக்கமும் தெரிந்தால் அது நம்மைவிட்டுப் போகிறது. பச்சை இடது பக்கமும் சிவப்பு வலது பக்கமும் வந்தால் நம்மை நோக்கி வருகிறது. அப்போது கையை மாற்றித் தள்ள வேண்டும்.

அழகுக்கு வைக்கிற விளக்கு அல்ல இது. வழி சொல்லும் விளக்கு.

என்ன வேண்டும்?

சிவப்பு, பச்சை, வெள்ளை என்று 3 எல்.இ.டி. வேண்டும். 3 மில்லி மீட்டர் அளவு போதும். ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடையில் "அண்ணே, மூணு எல்.இ.டி. குடுங்க" என்றால் சில ரூபாயில் கிடைக்கும். திருவிழாவுக்குக் கட்டி, பாதி அணைந்துபோன சீரியல் செட்டில் இருந்தும் கழற்றலாம்.

இந்தச் சின்ன விளக்குக்குப் பின்னால் பெரிய சரித்திரம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை 1962-ல் அமெரிக்காவின் நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். பளிச்சென்ற நீல விளக்குக்கு அதன்பிறகு 30 ஆண்டுகள் ஆயின. அதைச் செய்த ஜப்பானிய விஞ்ஞானிகள் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் வந்த பிறகுதான் இன்றைய வெள்ளை எல்.இ.டி. வந்தது.

ரெசிஸ்டர் இல்லாமல் கட்டாதீர்கள்

சின்ன ஹெலிகாப்டரில் 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி இருக்கும். முழுக்க சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். வெள்ளைக்கும் பளிச்சென்ற பச்சைக்கும் சுமார் 3 வோல்ட். நேராகக் கட்டினால் விளக்கு கருகிவிடும்.

எனவே சிவப்புக்கு 220 ஓம்ஸ் ரெசிஸ்டர் போட வேண்டும். அதில் சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்று கோடு இருக்கும். பச்சைக்கும் வெள்ளைக்கும் 120 ஓம்ஸ். அதன் கோடு பழுப்பு, சிவப்பு, பழுப்பு.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் சிவப்பு மட்டுமே எரியும். மற்ற இரண்டும் தூங்கிவிடும். ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள்.

எல்.இ.டி.யின் நீளக்கால் பிளஸ், குட்டைக்கால் மைனஸ். மாற்றிக் கட்டினால் எரியாது. பயம் வேண்டாம், திருப்பிக் கட்டினால் எரியும். சுவிட்சுக்கு அடுத்த பக்கத்தில் இருந்து மின்சாரம் எடுத்தால், சுவிட்சை அணைத்ததும் விளக்கும் அணையும்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுமா? தீராது. மூன்று விளக்கும் சேர்ந்து இழுப்பது சுமார் 30 மில்லி ஆம்பியர். மோட்டார்கள் இழுப்பதோ ஆயிரம் மில்லி ஆம்பியர் அளவில். 7 நிமிடம் பறக்கும் பொம்மைக்குச் சில வினாடிதான் குறையும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. சார்ஜ் இறங்க இறங்க வெள்ளையும் பச்சையும் மங்கும். "போதும், இறக்கு" என்று விளக்கே சொல்லிவிடும்.

வாலில் பாரம் கூடாது

உண்மையான எதிரி எடைதான். உள்ளங்கை அளவு ஹெலிகாப்டர் மொத்தமே 40 கிராம்தான் இருக்கும். புது ஒரு ரூபாய் காசு 3 கிராம். அந்த ஒரு காசு எடை கூடினாலே மேலே ஏறத் திணறும்.

எனவே கனமான ஒயர் வேண்டாம். பழைய காயிலில் இருக்கும் தலைமுடி போன்ற செம்புக் கம்பியை எடுங்கள். நுனியில் மேல்பூச்சைச் சுரண்டிவிட்டுப் பற்ற வையுங்கள். கம்பி விசிறிப் பக்கம் போகாமல் டேப் ஒட்டுங்கள்.

வாலில் வெள்ளை விளக்கு வைத்ததும் வால் தாழ்ந்து, மூக்கு தூக்கும். ஹெலிகாப்டர் பின்பக்கமாகவே நகரும். விசிறித் தண்டின் உச்சியை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள், தராசு மாதிரி நேராக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் சரியாகிவிடும்.

பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும்

பேட்டரி ஒயரின் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். உப்பிய பேட்டரியை ஓரம் கட்டிவிடுங்கள்.

"பொம்மைதானே" என்று அலட்சியம் வேண்டாம். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பூங்காவில், தாம் பறக்கவிட்ட ரிமோட் ஹெலிகாப்டரின் விசிறி தலையில் வெட்டி 19 வயது வாலிபர் உயிரிழந்தார். அது பெரிய ரகம். சின்ன ரகம் உயிரை வாங்காது. ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

விளையாட்டில் இருந்து வேலைக்கு

இந்த விளையாட்டில் ஊறியவர்களில் நடிகர் அஜித்குமாரும் ஒருவர். 2018-ல் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் "தக்‌ஷா" குழுவுக்கு அவர் ஆலோசகரானார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில், ஆளில்லா விமானத்தில் மருத்துவ உதவி கொண்டுபோகும் போட்டியில் அந்தக் குழு 2-வது இடம் பிடித்தது.

29-1-2022 அன்று டெல்லி விஜய் சவுக்கில் ஆயிரம் டிரோன்கள் விளக்கோடு எழும்பி வானத்தில் படம் வரைந்தன. ஐ.ஐ.டி.யில் உருவான இந்தியக் கம்பெனி செய்த வேலை அது. அங்கே பறந்ததும் எல்.இ.டி.தான். மாடியில் கம்பியைச் சுரண்டும் பையன் கற்பது வீண் போகாது.

தீபத்தன்று வேண்டாம்!

கடைசியாக ஒன்று.

மத்திய அரசின் 2021-ம் ஆண்டு டிரோன் விதிகளில் 250 கிராம் வரை "நானோ" ரகம். அதை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவை இல்லை. அதற்காக எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று அர்த்தம் அல்ல. தீபத் திருவிழா நாட்களில் அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிட இங்கே போலீசார் தடை விதிப்பது வழக்கம்.

தடையை விடுங்கள். பவுர்ணமி இரவில் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம் நடக்கிறது. செருப்பில்லாத கால்கள். தோளில் தூங்கும் குழந்தைகள். மேலே ஒரு பொம்மை தடுமாறினால், கீழே யார் தலையிலாவது விழாமல் அதற்கு வேறு இடம் ஏது?

ஆள் இல்லாத மைதானம், காற்று இல்லாத சாயங்காலம், கூடவே அப்பாவோ மாமாவோ. அதுபோதும் இந்த விளையாட்டுக்கு.

தீபத்தன்று ஹெலிகாப்டர் அலமாரியில் இருக்கட்டும். அன்றைக்கு எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது மலை உச்சி விளக்கைத்தான்!