படமும் சொல்லும்: கே. ஜி. சுப்பிரமணியனின் குழந்தை நூல்களும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனை 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசியரால் கட்டப்பட்டுக் கொச்சி மன்னருக்கு அளிக்கப்பட்டதாகும். அதன் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் கதை ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளது. அவ்வோவியங்களைக் கண்டோர் கதையை முன்பே அறிந்தவர். ஆகவே படம் கதையை நினைவூட்டினால் போதுமானதாக இருந்தது. குழந்தைகளுக்கான படநூலின் நிலை வேறு. கதையை முதன்முறையாக எதிர்கொள்ளும் குழந்தைக்குப் பொருளை உணர்த்தும் பணியைச் சொல்லும் படமும் பகிர்ந்துகொள்கின்றன. இப்பகிர்வை அறியாது சொல்லை மட்டும் பெயர்க்கும் மொழிபெயர்ப்பு நூலின் ஒரு பாதியையே பெயர்க்கிறது எனலாம்.

எழுத்து, ஓவியம் ஆகிய இரண்டையும் ஒருவரே செய்த நூல்களில் இப்பகிர்வு தெளிவாகப் புலப்படும். கேரளத்தில் பிறந்த தமிழரான கே. ஜி. சுப்பிரமணியனின் (1924-2016) குழந்தை நூல்கள் அதற்குத் தக்க சான்றுகளாகும். அவருடைய வாழ்வையும் பணியையும் சுருக்கமாகக் கூறி, அந்நூல்களைத் தமிழாக்க முனைவோர் எதிர்கொள்ளும் சில சிக்கல்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வாழ்வும் பணியும்

கல்பாத்தி கணபதி சுப்பிரமணியன் 1924 பிப்ரவரி 15 அன்று வட கேரளத்தின் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அன்று பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த மாஹியில் வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்றபோது வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1944இல் சாந்திநிகேதனத்தின் கலாபவனத்தில் சேர்ந்து நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோரிடம் பயின்றார். 1951 முதல் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலத்தில் பணியாற்றினார். 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தார். 1980இல் சாந்திநிகேதனம் திரும்பி 1989இல் ஓய்வு பெற்றார். 2012இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர் 2016 ஜூன் 29 அன்று வடோதராவில் காலமானார்.

தமிழ்க் குடும்பம், மலையாளச் சூழல், ஆங்கிலவழிக் கல்வி, வங்காளத்தில் கலைப் பயிற்சி, குஜராத்தில் ஆசிரியப் பணி என அமைந்த இவ்வாழ்வு பன்மொழி வாழ்வாகும். தம் ஆசிரியர் வினோத் பிஹாரி முகர்ஜி பார்வையிழந்த பின்னர் வங்காளத்தில் படைத்த 'சித்திரகர்' என்னும் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. கலையையும் ஒரு மொழியாகக் கருதி அதன் கூறுகளையும் அமைப்பையும் ஆராயும் போக்கை அவருடைய கட்டுரைகளில் காணலாம். லக்னோவின் ரவீந்திராலயத்தில் 1963இல் அவர் அமைத்த சுடுமண் சுவரோவியம் சிறுசிறு ஓட்டு உறுப்புகளைப் பலவாறு இணைத்து உருவானதாகும். சில அலகுகளைக் கொண்டு பல தொடர்களை ஆக்கும் மொழியின் இயல்போடு இதனை ஒப்பிடலாம்.

3. குழந்தை நூல்களின் தோற்றம்

பரோடா நுண்கலைப் புலத்தின் ஆசிரியரும் மாணவரும் நுண்கலைச் சந்தை ஒன்றை நடத்திவந்தனர். கலைப் படைப்புகள் பொதுமக்களைக் குறைந்த விலையில் சென்றடைய வேண்டும் என்பது அதன் நோக்கம். இச்சந்தைக்காகச் சுப்பிரமணியன் மரப் பொம்மைகளைச் செய்தார்; குழந்தை நூல்களையும் ஆக்கினார். கடவுள் முதன்முதலில் விலங்குகளைப் படைத்தபோது எல்லாவற்றையும் ஒன்றுபோலவே படைத்தார் என்று பொருள்படும் நீண்ட தலைப்புடைய ஆங்கில நூல் 1969இல் வெளிவந்தது. 1972இல் 'ராபி' வெளிவந்தது. வண்ணத்துப்பூச்சியும் சில்வண்டும் வரும் கதை, அனுமனின் கதை முதலியனவும் அவருடைய நூல்களாக அமைந்தன. பின்னர் இவற்றுட் பலவற்றைக் கொல்கத்தாவின் சீகல் பதிப்பகம் வெளியிட்டது.

4. திணையும் வினைமுற்றும்

மேற்கூறிய 1969ஆம் ஆண்டு நூலின் தலைப்பிலேயே தமிழாக்கச் சிக்கல் தொடங்குகிறது. கடவுளைச் சுட்டும் ஆங்கில ஆண்பாற் பெயர் மரியாதை வேறுபாடு காட்டுவதில்லை. தமிழிலோ 'படைத்தான்' என்பதா, 'படைத்தார்' என்பதா என முடிவு செய்தாக வேண்டும். முன்னது பக்தி இலக்கிய மரபின் நெருக்கத்தையும், பின்னது இக்கால உரைநடையின் மரியாதையையும் உணர்த்தும். ஒரு விகுதியே கதையின் தொனியை மாற்றிவிடுகிறது.

பேசும் விலங்குகள் வரும் இடங்களில் இச்சிக்கல் பெருகுகிறது. ஆங்கில இறந்தகால வினை திணை, பால் காட்டாது. தமிழ் வினைமுற்று பெரும்பாலும் இவற்றைக் காட்டியே தீரும். 'சில்வண்டு சொன்னது' என்றால் அஃறிணை இயல்பு நிலைக்கிறது. 'சில்வண்டு சொன்னான்' என்றால் அது மனிதத் தன்மை பெறுவதுடன் ஆணாகவும் ஆகிறது. படத்தில் ஓவியர் காட்டாத ஒன்றைச் சொல் புகுத்திவிடுகிறது. மலையாள மொழிபெயர்ப்பாளருக்கு இத்தொல்லை இல்லை. அம்மொழியின் வினைமுற்று திணைபால் விகுதியை இழந்துவிட்டமையால் 'பறஞ்ஞு' என்னும் ஒரே வடிவம் கடவுளுக்கும் மனிதனுக்கும் வண்டுக்கும் பொருந்துகிறது. ஒரே குடும்பத்தின் நெருங்கிய மொழிகள் இரண்டில் ஒரே நூல் இருவேறு சிக்கல்களை எழுப்புவது இங்குக் கருதத்தக்கது.

முதலில் ஒன்றுபோல் இருந்தவை பின்னர் வேறுபடுவதே இக்கதையின் கருவாகும். ஆகவே தொடக்கத்திலேயே 'நரியார்', 'குரங்கண்ணன்' என விலங்குகளை வேறுபடுத்தி அழைப்பது குழந்தைக் கதை மரபுக்கு ஏற்றதாயினும் இந்நூலின் பொருளுக்கு ஏற்றதன்று. எல்லாவற்றிற்கும் பொதுவான அஃறிணை வடிவமே இங்குப் பொருந்தும். தமிழின் திணைப் பாகுபாடு இவ்விடத்தில் தடையாகாமல் துணையாகிறது.

5. சொல்லாமல் விடுதல்

1980களின் இறுதியில் அவர் ஆக்கிய 'பேசும் முகத்தின் கதை' எனப் பொருள்படும் நூல், 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நாட்டில் நிலவிய நெருக்கடிநிலைக் கால அதிகாரத்தை எள்ளும் உருவகக் கதையாகும். குழந்தை இதனைக் கதையாகப் படிக்கும். பெரியவர் வரலாறாகப் படிப்பர். இவ்விரு வாசிப்புகளும் உடன் நிகழ வேண்டுமெனில் சொல் எளிமையாக நிற்க, குறிப்புப் பொருளைப் படம் தாங்க வேண்டும். வாசகருக்கு உதவும் எண்ணத்துடன் மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கத் தொடரைச் சேர்த்தாலும் உருவகம் உடைந்து நூல் வெறும் கண்டனமாகிவிடும்.

தலைப்பும் எச்சரிக்கைக்குரியது. 'பேசும் கண்கள்', 'பேசும் படம்' போன்ற வழக்குகளில் 'பேசும்' என்னும் பெயரெச்சம் உயிரோட்டத்தைப் பாராட்டுவதாக அமைகிறது. 'பேசும் முகம்' என்பதும் அழகிய முகம் என்ற பாராட்டாகப் புரிந்துகொள்ளப்படலாம். 'பேசிக்கொண்டேயிருந்த முகம்' என்பது நீளமாயினும் எள்ளலுக்கு நெருக்கமானது.

6. முடிவுரை

படநூலை மொழிபெயர்ப்பவர் முதலில் படத்தைப் படித்தல் வேண்டும். படம் கூறுவதைச் சொல்லில் மீண்டும் கூறாமையும், படம் கூறாததை விகுதியாலும் புகுத்தாமையும் அவர் கொள்ள வேண்டிய இரு நெறிகளாகும். குழந்தை நூல் எளிய நூல். எனவே அதன் மொழிபெயர்ப்பும் எளிது என்னும் கருத்து ஏற்புடையதன்று என்பதனைச் சுப்பிரமணியனின் நூல்கள் உணர்த்துகின்றன.